இறுக்கினால் விறைக்குமா?

சென்னையை அடுத்த ஆலையிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், தனியாளாக ஓட்டும்வரை பள்ளம் மேடுகளைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. அதே வண்டியில் பின்னால் ஒருவரை ஏற்றி, இரண்டு பக்கமும் சேடில் பேக் தொங்கவிட்டு, கேரியரில் கூடாரத்தையும் பெட்ரோல் கேனையும் கட்டிக்கொண்டு மணாலியிலிருந்து லே நோக்கிக் கிளம்பினால் கதை மாறிவிடும். பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். ஹேண்டில் லேசாகிவிடும். ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் பின் ஷாக் 'டங்' என்று அடி வாங்கும்.

வழியில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினால், அவர் சி-ஸ்பானரை எடுத்து ஷாக்கில் உள்ள வளையத்தைச் சில சுற்று இறுக்குவார். வண்டி எழும்பி நிற்கும். சுமையை இறக்கிவிட்டு சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தால் அசையவே மறுக்கும். "ஸ்பிரிங் ஹார்டா ஆயிடுச்சு சார், இனிமே அடிக்காது" என்பார். ஆனால் பெரிய பள்ளம் வந்ததும் மறுபடி அடிக்கிறது. போதாக்குறைக்குச் சின்ன மேட்டைத் தாண்டும்போதெல்லாம் பின்பக்கம் உதைக்கிறது. விறைப்பாகிவிட்ட ஸ்பிரிங் எப்படி இன்னமும் முழுதாக அமுங்கும்?

அது விறைப்பாகவே இல்லை. வளையத்தை எத்தனை சுற்று இறுக்கினாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு முன்பிருந்த அளவிலேயேதான் இருக்கிறது. தொலைதூரப் பயணத்துக்காக பைக்கை மாற்றியமைக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் விடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு, பெரிய பெட்டி என்று எல்லாம் சேர்ந்திருக்கும். அவ்வளவையும் சுமக்கிற ஸ்பிரிங் மட்டும் கடையிலிருந்து வந்தபடியே இருக்கும்.

தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும்படி கட்டப்பட்ட வண்டிகளை டூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். யமஹா 1968-இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த டிடி-1 இந்த வகையைப் பரவலாக்கியது. இவற்றைத் தனித்துக் காட்டுவது சக்கரம் மேலும் கீழும் போய்வரக் கிடைக்கும் தூரம். 2016-இல் வந்த ஹிமாலயனில் முன்சக்கரத்துக்கு 200 மில்லிமீட்டர், பின்சக்கரத்துக்கு 180 மில்லிமீட்டர். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் 190, 170. இந்தத் தூரத்தை 'அசைவெல்லை' என்று அழைப்போம்.

இந்த எல்லையை இரண்டு பக்கமும் பங்கிட வேண்டியிருக்கிறது. கல் வந்தால் சக்கரம் மேலே ஏறவேண்டும், குழி வந்தால் கீழே இறங்கவேண்டும். ஆகவே வண்டி நிற்கும்போதே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியிருந்தால்தான் குழிக்குள் சக்கரம் நீளமுடியும். இப்படி ஆளும் சுமையும் ஏறியதும் அமுங்கும் அளவை 'அமிழ்வு' எனலாம். கரடுமுரடான பாதைக்கு அது மொத்த அசைவெல்லையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கவேண்டும் என்பது அனுபவத்தில் நிலைபெற்ற கணக்கு. ஹிமாலயனின் பின்பக்கத்துக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். மேலே ஏற 12, கீழே நீள 6.

ஸ்பிரிங் எப்படி அமுங்குகிறது என்பதைக் கண்டறிந்தவர் ராபர்ட் ஹூக். 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக அதை வெளியிட்டு, 1678-இல் விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. நீண்ட கம்பியை மேலே ஆணியில் கட்டி, கீழ்முனையில் தட்டைத் தொங்கவிட்டு, எடையை ஏற்றி ஏற்றி அளந்தார். எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டித்தது. சுருள் கம்பியிலும் அதே கதை. ஒரு சென்டிமீட்டர் அமுங்க எவ்வளவு எடை வேண்டும் என்பதே அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு. அதைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகத்தின் தன்மை ஆகியவை. சி-ஸ்பானரால் இதில் எதையும் மாற்ற முடியாது.

பழைய பேப்பர் வாங்க வருபவரின் ஸ்பிரிங் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்புறத்தில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் முள் நிற்கும் இடம்தான் மாறும். ஒரு கிலோவுக்கு முள் எவ்வளவு நகர்கிறது என்பது மாறாது. திருகை எப்படி வைத்தாலும் ஐந்து கிலோ பேப்பர் முள்ளை அதே தூரம்தான் இழுக்கும். ஷாக்கில் இருக்கும் வளையமும் இந்தத் திருகுதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஷாக் ஓர் அளவுக்கு மேல் நீளாதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. வளையத்தை இறுக்கும்போது ஸ்பிரிங் அந்தத் தடுப்புக்குள் முன்கூட்டியே அமுக்கி அடைக்கப்படுகிறது. பைக்காரர்கள் பிரீலோட் என்று சொல்லும் இதை 'முன்னமுக்கம்' எனலாம்.

எளிய எண்களை வைத்து இதைப் பார்த்துவிடுவோம். இவை எந்த மாடலின் அளவுகளும் அல்ல, விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நெம்புகோல் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பின்சக்கரத்தில் உணரப்படும் அளவுகளாகவே கொள்வோம்.

அசைவெல்லை 18 சென்டிமீட்டர். ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்க 15 கிலோ வேண்டும். முன்னமுக்கம் 30 கிலோ, அதாவது முதல் 30 கிலோவுக்கு ஷாக் அசையாது. வெறும் வண்டி பின் ஸ்பிரிங் மீது 75 கிலோ ஏற்றுகிறது. ஓட்டுபவர் உட்கார்ந்தால் 120. அதில் 30 போக 90 கிலோ, ஸ்பிரிங்கை 6 சென்டிமீட்டர் அமுக்கும். கச்சிதமான அமிழ்வு. ஸ்பிரிங் முழுதாக அமுங்கவேண்டுமானால் 30-உம், 18 சென்டிமீட்டருக்கான 270-உம் சேர்த்து 300 கிலோ தேவை. நிலையான சுமை 120 போக, பள்ளங்களைத் தாங்கக் கையிருப்பு 180. சுமையைப் போல ஒன்றரை மடங்கு.

இப்போது பின்னால் ஆளும் பையும் ஏறுகின்றன. இன்னொரு 60 கிலோ என்று வைப்போம். பின் ஸ்பிரிங் மீது 180 கிலோ. அமிழ்வு 10 சென்டிமீட்டராகிவிடுகிறது. மேலே ஏற மிஞ்சியது 8. கையிருப்பு 120-ஆக இறங்கிவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தாங்கவேண்டிய சுமையோ ஒன்றரை மடங்கு. அதனால்தான் 'டங்'.

மெக்கானிக் முன்னமுக்கத்தை 90-ஆக ஏற்றிவிட்டதாகக் கொள்வோம். அமிழ்வு பழையபடி 6. வண்டி சரியான உயரத்தில் நிற்கிறது, முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் பாரம் திரும்புகிறது, ஹேண்டில் சீராகிறது. இவ்வளவும் உண்மையான பலன்கள். அந்த மெக்கானிக் செய்தது வீண் வேலை இல்லை. ஆனால் கையிருப்பைப் பாருங்கள். முழுதாக அமுங்க 360, சுமை 180, மிச்சம் 180. தனியாளாகப் போனபோது இருந்த அதே 180. சுமை ஒன்றரை மடங்காகியிருக்க, அதைத் தாங்கும் கையிருப்பு ஏறவே இல்லை. பெரிய பள்ளத்தில் மறுபடி அடிப்பதில் வியப்பில்லை.

சீட்டைக் கையால் அழுத்தியபோது அசைய மறுத்தது ஏன்? வெறும் வண்டியின் 75 கிலோ, 90 கிலோ முன்னமுக்கத்தை வெல்ல முடியாமல் ஷாக் தன் மேல் தடுப்பில் போய் முட்டி நிற்கிறது. நாம் கையால் இன்னும் 15 கிலோ கொடுத்த பிறகே அது முதல் அசைவைக் காட்டும். அந்த 15 கிலோவைத்தான் கை 'விறைப்பு' என்று நினைத்துவிடுகிறது. அதைத் தாண்டி அழுத்தினால் சென்டிமீட்டருக்கு அதே 15 கிலோதான். உதைப்புக்கும் இதுவே காரணம். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் பின்பக்கம் ஒரு கணம் பாரமிழக்கிறது. அப்போது சக்கரத்தைக் கீழே தள்ளும் விசை எல்லா நிலையிலும் முன்பைவிட 60 கிலோ அதிகம். ஷாக் வேகமாக நீண்டு மேல் தடுப்பில் மோதுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு டேப்பும் கூட ஒருவரும் இருந்தால் போதும். பின்சக்கரத்தின் அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை மூன்று முறை அளக்கவேண்டும். முதலில் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்தி. அடுத்து வெறும் வண்டியாகத் தரையில். கடைசியாக, பயணத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட், பூட்ஸ் உட்பட ஆளும் சுமையும் ஏறி. முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் அமிழ்வு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வெற்று அமிழ்வு. வளையத்தைத் திருகி அமிழ்வை மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்த பிறகு, வெற்று அமிழ்வைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால், சுமை ஏறாத வண்டி விறைத்துக்கொண்டு எழும்பி நின்றால், உங்கள் ஸ்பிரிங் மென்மையானது. கைக்குத் தோன்றுவதற்கு நேர் எதிர். சுமையைத் தாங்கப் போதாத ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி முன்னமுக்கியதால்தான் வெறும் வண்டியால் அதை அசைக்க முடியவில்லை. வெற்று அமிழ்வு அதிகமாக மிஞ்சினால் ஸ்பிரிங் உங்கள் சுமைக்கு அதிக விறைப்பு என்று பொருள்.

நம் எண்களில் சென்டிமீட்டருக்கு 20 கிலோ வாங்கும் ஸ்பிரிங்கைப் போட்டு, முன்னமுக்கத்தை 60-இல் வைத்தால், 180 கிலோ சுமைக்கு அமிழ்வு அதே 6. முழுதாக அமுங்க 420 கிலோ தேவை, கையிருப்பு 240. வெறும் வண்டியும் முக்கால் சென்டிமீட்டர் அமிழ்ந்து நிற்கிறது. மெக்கானிக்கிடம் கேட்கவேண்டியது இந்த மாற்றத்தைத்தான். ஸ்பிரிங் மட்டும் மாற்றும் செலவு, பலரும் முதலில் வாங்கும் அலுமினியப் பெட்டிகளின் விலைக்கு அருகில்கூட வராது.

ஆனால் விறைப்பான ஸ்பிரிங் வாங்கும் முன் சுமையையே ஒருமுறை பார்த்துவிடலாம். எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதும் கணக்கில் வரும். 2016-இல் வந்த ஹிமாலயன் 411-இன் இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1,465 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால், கேரியரின் வால் நுனியில் 20 கிலோ கட்டினால், பின்சக்கரம் சுமப்பது 24 கிலோ. அந்தக் கூடுதல் 4 கிலோ முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. மணலிலும் சரளையிலும் திசை காட்டவேண்டிய சக்கரம் அது. முதல் ஹிமாலயனை வடிவமைத்தவர்கள் பெட்ரோல் டாங்கின் இருபுறமும் கம்பிச் சட்டம் வைத்து, ஜெர்ரி கேன்களை அங்கே மாட்ட இடம் கொடுத்ததன் பொருள் இதுதான். அதே 5 லிட்டர் கேனைப் பின்னால் கட்டித் தொங்கவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கேனும் எத்தனை வேண்டும்? மணாலி–லே வழியில் தண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்ற பலகை பல ஆண்டுகள் பயணிகளைப் பயமுறுத்தியது. 15 லிட்டர் டாங்க், லிட்டருக்கு 25 என்று குறைத்தே கணக்கிட்டாலும் 375 கிலோமீட்டர். நெருக்கமான கணக்குதான். ஒரு கேன் நிம்மதி தரும். நான்கு கேன் பின் ஸ்பிரிங்குக்குத் தண்டனை.

ஸ்பிரிங் சுமையைத் தாங்குவதோடு சரி. வாங்கிய ஆற்றலைச் சேமித்துவைத்து அப்படியே திருப்பித் தந்துவிடும். அதை மட்டும் வைத்து ஓட்டினால் ஒரு பள்ளத்துக்கு வண்டி பலமுறை குதிக்கும். திருப்பித் தரும் ஆற்றலை உறிஞ்சுவது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே, மெல்லிய உலோகத் தகடுகளை வளைத்துக்கொண்டு எண்ணெய் பிதுங்கி ஓடும்போது அசைவு வெப்பமாகிறது. இது தணிப்பு, பைக்காரர்கள் பேச்சில் டேம்பிங். விறைப்பான ஸ்பிரிங் அதிக விசையோடு நீளும் என்பதால், நீளும்போதான தணிப்பையும் கூட்டவேண்டும். அதைத் திருகித் திருத்தும் வசதி இல்லாத ஷாக்கில் ஸ்பிரிங்கை மட்டும் மிகவும் விறைப்பாக்கினால் பழைய உதைப்பு வேறு வழியில் திரும்பிவரும். அதனால்தான் கொஞ்சம் விறைப்பை ஏற்றுவதற்கு ஸ்பிரிங் போதும், நிறைய ஏற்றவேண்டுமானால் முழு ஷாக்கையே மாற்றவேண்டும்.

தணிப்பின் உண்மையான சோதனைக்களம் நெளிநெளியான மண்பாதை. லடாக்கின் மோரே சமவெளியில் தார் போடுவதற்கு முன் ஓட்டியவர்களுக்கு அது எலும்பில் பதிந்திருக்கும். குறுக்கே வரிவரியாக, சிறு இடைவெளியில் மேடும் பள்ளமும். ஸ்பிரிங் வைத்த வண்டிகள் குதித்துக் குதித்தே இந்த வரிகளை உண்டாக்குகின்றன என்று நினைக்கத் தோன்றும். நிக்கோலா டாபர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மெக்கெல்வேன் ஆகிய இயற்பியலாளர்கள் 2007 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் அதைச் சோதித்தார்கள். சுழலும் மேசையில் மணலைப் பரப்பி, ஒரு கையில் பொருத்திய சக்கரத்தை அதன்மேல் உருளவிட்டார்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் வரிகள் தாமாகவே எழுந்தன. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டாலும் எழுந்தன. சக்கரத்துக்குப் பதில் உருளாத தகட்டை இழுத்தாலும் எழுந்தன. ஆக வரிகளுக்குக் காரணம் மணலும் வேகமும். நாம் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் பாதை அப்படித்தான் ஆகும்.

அந்த வரிகள்மீது பல கிலோமீட்டர் ஓடிய பிறகு ஷாக்கின் உடலருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். ஆயிரக்கணக்கான சிறு அசைவுகளின் ஆற்றல் அது. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போய் எளிதாகத் துளைகளில் ஓடிவிடும், தணிப்பு குறையும். எண்ணெயில் காற்றுக் குமிழ் கலந்தால் நிலைமை இன்னும் மோசம். அதைத் தடுக்கவே நல்ல ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைக்கிறார்கள். சிலவற்றில் பக்கத்தில் தனிக் குப்பி ஒன்று ஒட்டியிருப்பது எண்ணெயின் அளவைக் கூட்டி வெப்பத்தைப் பரப்பிக்கொள்ள. பாதி வழியில் பின்பக்கம் கப்பல்போல மிதக்கத் தொடங்கினால் ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்துவதே சரியான மருத்துவம்.

ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையையும் சொல்லவேண்டும். சக்கரம், டயர், பிரேக் தட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஒரு பகுதி. இதை 'வில்லடி எடை' எனலாம். கல் மோதும்போது ஸ்பிரிங் கட்டுப்படுத்தவேண்டியது இதைத்தான். இது கனத்தால் சக்கரம் மேட்டைத் தாண்டிப் பறந்துவிடும், குழிக்குள் இறங்கத் தாமதிக்கும். பையில் கூடும் ஒரு கிலோவைவிடச் சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ ஓட்டத்தை அதிகம் கெடுக்கும். கனத்த டயரை 'இதுதான் உறுதி' என்று மாட்டும் முன் இதை எண்ணிப்பார்க்கலாம்.

டயரும் ஒரு ஸ்பிரிங்தான், தணிப்பு மிகக் குறைந்த ஸ்பிரிங். 30 பிஎஸ்ஐ காற்றை 20-ஆகக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், சரளையில் பிடி கூடும். ஆனால் டியூப் உள்ள சக்கரத்தில் கூரான கல் மோதினால் டயர் நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். சுமை ஏற்றிய வண்டியில் காற்றை அந்த அளவுக்கு இறக்குவது எனக்கு உடன்பாடில்லை.

வண்டியில் மாற்றங்கள் செய்யும்போது சட்டத்தையும் நினைவில் வைக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டுவதெல்லாம் இதில் சிக்கும். வண்டியின் ஃபிரேமை வெட்டி ஒட்டவைக்கும் வேலை, சட்டத்துக்கு முன்பே இயற்பியலால் தண்டிக்கப்படும். ஒட்டிய இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

உயரம் குறைந்தவர்கள் பின் ஷாக்கின் இணைப்புத் தகடுகளை மாற்றி வண்டியைத் தாழ்த்துவது உண்டு. தகட்டின் நீளம் மாறினால் சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் இடையிலான நெம்புகோல் விகிதமும் மாறும். தாழ்த்திய பிறகு அமிழ்வை மறுபடி அளந்தே ஆகவேண்டும். சீட்டின் பஞ்சைச் செதுக்கித் தாழ்த்துவது சஸ்பென்ஷனைத் தொடாது. என் ஓட்டு அதற்கே.

பின்பக்கத்தைச் சீராக்கிய பின் முன் ஃபோர்க்கையும் அதே மூன்று அளவுகளால் சோதிக்கலாம். அங்கே இன்னொரு எளிய கருவியும் உண்டு. ஃபோர்க்கின் ரப்பர் உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் உட்குழாயில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமாக ஓட்டும் கரடான பாதையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஃபோர்க் அதிகபட்சம் எதுவரை அமுங்கியதோ அங்கே டை நின்றிருக்கும். அசைவெல்லையில் பாதிகூடத் தொடவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு விறைப்பு. ஒவ்வொரு முறையும் கடைசிவரை போய்விட்டால் மென்மை. மோசமான ஒன்றிரண்டு பள்ளங்களில் மட்டும் எல்லையை எட்டிப்பிடித்தால் அந்த ஃபோர்க்கை அப்படியே விட்டுவிடலாம்.